கீரைக்காரம்மா வரும் இடம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் தெருவில் இத்தனை காலமாக அரைக்கீரையை முதலில் கூவி வந்த கீரைக்காரம்மா, இன்று காலை முதல் முளைக்கீரையை முதலிடத்துக்கு உயர்த்தி, அரைக்கீரையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டார். காரணம் வெளியிடப்படவில்லை. பொதுமக்கள் அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

சிரிக்காதே மச்சி. மயிலாப்பூரில் வேறு எவனுக்கும் இது செய்தியில்லை. உனக்குச் செய்தி. நீ இருந்திருந்தால், "அப்ப பாபர் கதி என்னடா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பாய்.

வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவன், அந்தக் குரல் கேட்டதும் வாயில் நுரையோடு உள்ளே போய் பீரோ மேல் பார்த்தேன். கப்பலில் வேலை பார்க்கும் என் மாமா விட்டுப் போன டேப் ரிக்கார்டர். பக்கத்தில் நாடா சுற்றிய நாலு ஸ்பூல். நீ போன பிறகு இந்த உலகத்தில் உன் குரல் இருந்தது அந்த நாலில்தான். இன்னும் இருக்கிறதா என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். ஸ்பூல் விவகாரம் என்றால் சுற்றத்தானே வேண்டும்?

பி.யூ.சி.யில் முதல் நாள் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாய். ஒன்பது வயதில் காய்ச்சலில் கண் போனதை, பஸ்ஸில் குடையைத் தொலைத்தவன் மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். அதுவரை படித்த பள்ளியில் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துப் புத்தகங்கள் இருந்தன. அவை பள்ளியோடு நின்றுவிட்டன. கல்லூரிப் பாடத்தை உனக்காக யாரும் புள்ளி வைத்து எழுதவில்லை. "புள்ளியே வைக்கல, அப்புறம் எங்க கோலம்?" என்று நான் கேட்டதும் சிரித்தாயே, அப்போதே முடிவு செய்துவிட்டேன், இவன் நம்ம ஆள்.

முதல் பாடத்தை எங்கள் வீட்டில்தான் பதிந்தோம். ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, ஆவணிப் புழுக்கத்தில் வேர்த்து விறுவிறுக்க, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரலில் வாசித்தேன். ஒரு சின்னச் சத்தம் இல்லை. மிஷினோடு சேர்த்துப் பெருமையாக உன்னிடம் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக்கொண்டு வந்தாய்.

"சுத்தமா இருக்கு மாப்ள. ஆனா எங்க இருக்கேன்னே தெரியல. நீ பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கே. மூணாவது கேள்விக்குப் பதில் எங்கன்னு தேடி ராத்திரி பூரா சுத்தியிருக்கேன். புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கும். இதுல என்ன இருக்கு? முதல்ல ஜன்னலைத் திற."

திறந்தேன். அன்றிலிருந்து தெருவே உனக்குப் பக்க எண் போட்டது. பால்காரர் மணி அடித்தால் வரிகள் பற்றிய பாடம். எதிர் வீட்டில் தாளித்தால் நிலச் சீர்திருத்தம். கோயில் மணிக்கு அடுத்தது பஞ்சாயத்து. டேப்பை வேகமாக ஓட்டி, நிறுத்தி, காதைச் சாய்த்து, "இன்னும் தாளிக்கல, கொஞ்சம் தள்ளிப் போ" என்பாய்.

பிறகுதான் சரித்திரம் வந்தது. அந்தத் தடிப் புத்தகம் நம் பேட்டை நூலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெளியே தர மாட்டார்கள். உள்ளே உட்கார்ந்து வாசிக்கலாம் என்றால், சுவரில் கொட்டை எழுத்தில் "பேசக் கூடாது". நான் உன் காதில் இரண்டு வரி படிப்பதற்குள் நூலகர் எழுந்து வந்துவிட்டார்.

"தம்பி, சத்தம் போடாம படிக்கணும்."

"சார், சத்தம் போட்டாத்தான் சார் எனக்கு அது படிப்பு," என்றாய் நீ. "வாசல்ல 'அனைவரும் வருக'ன்னு போர்டு இருக்காமே. இவன்தான் படிச்சுச் சொன்னான். பொய் சொல்லியிருக்கானா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போர்டு சரிதான்ப்பா. ரூலும் சரிதான். ரெண்டையும் ஒரே ஆபீஸ்தான் அனுப்பிச்சுது. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப புத்தகத்த ஒரு வாரம் வீட்டுக்குக் கொடுங்க சார். எங்கப்பாவும் தி.நகர்ல நூல் யாவாரந்தான். கடையை விட்டு வெளிய போனாத்தான் சார் நூலுக்கு மரியாதை."

படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பேசக் கூடாது என்றுதானே போட்டிருந்தது, சிரிக்கக் கூடாது என்று இல்லையே. (அந்த வசனத்தை நான் பேசியதாகத்தான் இன்றுவரை கல்லூரியில் சொல்லி வருகிறேன். கண்டுகொள்ளாதே.)

மிஷினில் பதிந்துகொள்கிறோம் என்றதும் அவருக்கு இன்னொரு பயம். "புத்தகத்த அப்படியே நகல் எடுக்கலாமான்னு தெரியலையேப்பா. நாளைக்கு எவனாவது கேட்டா?"

"நகல் எங்க சார்? வெறும் காத்து," என்றேன்.

அவர் நல்ல மனுஷர். மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். பதில் வரும்வரை காத்திருந்தால் பரீட்சை போய்விடும் என்று அவருக்கே தெரிந்தது. கிழிந்த புத்தகங்களைத் தைக்கும் பின்பக்க அறையைத் திறந்துவிட்டு, "இது வாசிப்பு அறை இல்ல. அதனால இங்க அந்த ரூல் வராது," என்றார். தெருவைப் பார்த்த ஜன்னல் அது. பசை நாற்றத்தில் உட்கார்ந்து, பாபரை டெல்லிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படை பானிபட்டை நெருங்குகிறது. நான் மூச்சைப் பிடித்து, "இரு தரப்புச் சேனைகளும் எதிரெதிரே நின்றன" என்கிறேன்.

"அரைக்கீரேய்... மொளக்கீரே, சிறுகீரேய்!"

நீ சிரிக்க ஆரம்பித்தாய். கூடை ஜன்னலுக்கு வெளியே நின்றது. "இன்னா நைனா, பாட்டு புடிச்சிக்கினு கீறீங்களா? எங்கொரலும் வுழுதா?"

"விழுதும்மா! பாபருக்கு ரெண்டு கட்டு கொடுங்க!" என்றாய். அத்தனையும் டேப்பில் விழுந்தது. உன் சிரிப்பு மட்டும் பாதி யுத்தம் வரைக்கும் போகும்.

ஸ்பூல் நாலுதான், பாடமோ மலையளவு. ஒவ்வொரு தடவையும் பழைய பாடத்தை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். எனக்கு மனசு வராது. தொண்டை வற்ற வாசித்தது நானல்லவா? நீ அலட்டிக்கொள்ளவே மாட்டாய். "கேட்டாச்சுல்ல? அழிச்சிட்டு அடுத்ததப் போடு." சரித்திரம்தான் கடைசி. அதற்குமேல் அழிக்க வேலை வரவில்லை. பரீட்சையில் நீ சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார், முதல் வகுப்பில் தேறினாய். ஆடி பிறக்கும் முன் மஞ்சள் காமாலை வந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

போன மாதம் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒரு பையன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். நீ படித்த பள்ளிதான். உன்னைத் தெரியுமாம். இப்போது பி.யூ.சி.

"இன்னா பண்றதுன்னே தெரியில நைனா," என்றார் அந்த அம்மா. "புக்கு கீது, படிச்சிக் காட்றதுக்குத்தான் ஆளில்ல. எனுக்கு எழுத்து தெரியாது. நீ டேப்புல படிச்சித் தருவேன்னு சொன்னாங்க."

புது ஸ்பூலுக்கு, வெளிநாட்டுச் சாமான் விற்கும் பர்மா பஜாருக்குப் போனேன். அங்கே விலை கேட்டதற்கே காசு கேட்பார்கள் போலிருந்தது. மாமாவின் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ. மிச்சம் அந்த நாலுதான். பாபர், கீரைக்காரம்மா, நீ. உன் அப்பாவைக் கடையில் போய்ப் பார்த்தேன். நூல்கண்டுகளை எண்ணியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அந்தப் புள்ளைக்குப் பரீட்சை எப்பய்யா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் மார் தட்டிச் சொல்லிக்கொள்கிறேன். நான் ஒரு இரும்பு மனிதன். வீட்டுக்கு வந்தேன், ஜன்னலைத் திறந்தேன், ஸ்பூலை மாட்டினேன், பட்டனை அழுத்தினேன். நீ சிரித்த இடத்தின் மேலேயே புதுப் பாடத்தை, ஒரு வார்த்தை பிசகாமல், கணீரென்று வாசித்து முடித்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாதவனல்லவா நான்? கல்லூரியில் எவனை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

நூலகர் எழுதிய கடிதத்துக்கும் இப்போதுதான் பதில் வந்திருக்கிறது. மற்றவர்களுக்கு இடையூறு இல்லாத வகையில் ஆவன செய்யலாமாம். அவர் அதைப் படித்துவிட்டு, அந்த அறையில் இன்னொரு நாற்காலி போட்டார்.

நேற்று அந்தப் பையன் மிஷினையும் ஸ்பூல்களையும் கொண்டுவந்து வைத்தான். பரீட்சைக்கு முன் இன்னொரு தடவை கேட்க எடுத்துப் போவானாம். எல்லாப் பாடமும் கைக்கு வந்துவிட்டதாம்.

"சூப்பரா கீது அண்ணே. தேடவே வேணாம். ஐஸ்காரன் மணி அடிச்சா ரெண்டாவது பாடம். பஸ் ஆரன் அடிச்சா மூணாவது. நாலாவதுதான் ரொம்ப ஈஸி. யாரோ மூக்க உறிஞ்சிக்கினே இருக்காங்க. ரொம்ப நேரம். அது முடிஞ்சதும் பாடம் ஆரம்பிச்சிடுது. யாருண்ணே அது?"

"ஜலதோஷம்டா," என்றேன்.

அவன் போனதும் போட்டுக் கேட்டேன். நான்தான். உன் சிரிப்பை அழித்து, கணீரென்று வாசித்ததாக நினைத்த இடத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பதிந்துவிடலாம் என்று பட்டன் வரை கை போனது. விட்டுவிட்டேன். அவனுக்கு அதுதானே பக்க எண்.