தண்ணீர்க் கறை

நைரோபி
4 மார்ச் 1996

அன்புள்ள முச்சேமி அண்ணா,

வங்காரே அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? உருளைக்கிழங்கு எடுத்தாயிற்றா?

நாளைக்குப் பன்னிரண்டு பேருக்குப் பல் சுத்தம் செய்கிறேன். கூடப்பிறந்தவன் மட்டும் என் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறான். போன மாதம் மாமா வீட்டு விருந்தில் நீ ஆட்டுக்கறியை வலப்பக்கமே தள்ளித் தள்ளி மென்றதைப் பார்த்தேன். வாயில் நாற்றமும் இருந்தது, கோபப்படாதே. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல்லைக் காட்டி, அதில் படிந்து இறுகும் காரையை எடுத்துவிட்டால் பாதி வம்பு இல்லை. மட்டாட்டு வண்டியில் ஏறி வந்துவிடு.

உன் தங்கை,
கதோனி

பகாத்தி
12 மார்ச் 1996

என் பட்டணத்துத் தங்கச்சிக்கு,

வாய் நாறுகிறது என்று கடிதம் போட்டு அண்ணனுக்கு மரியாதை செய்கிறவள் நீ ஒருத்திதான். "பத்து வருஷமா நான் சொல்லாம வெச்சிருந்தேன், அவ போட்டு உடைச்சிட்டா" என்று உன் அண்ணி சிரிக்கிறாள்.

இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவன் எவனுக்கு வெள்ளைப் பல் இருக்கிறது? பழுப்புப் பல்லைப் பார்த்துத்தான் நகுரு சந்தையிலேயே நம்மை இன்ன ஊர் என்று கண்டுபிடிக்கிறார்கள். துலக்கும்போது கொஞ்சம் ரத்தம் வரும். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் நின்றுவிடும். வலித்தால் பிடுங்க இங்கேயே ஆள் இருக்கிறான். வலிக்காத பல்லைக் காட்ட இத்தனை தூரம் வருவேனா?

அதோடு, கிறிஸ்மஸ் அன்று என் வாயைப் பார்த்துவிட்டு நீயே என்ன சொன்னாய்? "ஒண்ணுமில்லண்ணா, தண்ணிக் கறைதான்." மறந்துவிட்டாயா?

முச்சேமி

நைரோபி
20 மார்ச் 1996

அண்ணா,

மறக்கவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது. ஒரு கையில் கறித்துண்டு, மறு கையில் பல் பார்க்கும் கண்ணாடிகூட இல்லை, சும்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். வேறு யார் வாயையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

நேற்று நம் ஊர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர் வந்தார். அதே பழுப்புப் பல். சுரண்டினால் பாதிதான் கறை. மீதி கல்லாக இறுகிய காரை. அதற்கடியில் ஈறு சீழ் வைத்திருந்தது. அவருக்கும் வலி இல்லை.

நான் சொன்னது தப்பு. இந்த வாரமே வா.

கதோனி

பகாத்தி
4 ஏப்ரல் 1996

கதோனி,

இப்போது வலிக்கிறது, சந்தோஷமா? இடது தாடை வீங்கிக் கழுத்துவரை கெட்டியாக இருக்கிறது. கிராம்பு வைத்திருக்கிறேன். உகாலிக் களி இறங்கவில்லை, கஞ்சிதான். அண்ணி இன்றே கிளம்பச் சொல்கிறாள். ஈஸ்டர் பாட்டுக்கு எங்கள் கோயிலில் அடிக்குரல் நான் ஒருவன்தான், ஞாயிறு முடியட்டும். திங்கள் விடுமுறை. செவ்வாய் ஒன்பது மணிக்கு உன் நாற்காலியில் இருப்பேன். ரொம்பத் திட்டாதே.

முச்சேமி

நைரோபி
28 ஏப்ரல் 1996

அண்ணா,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். செவ்வாய் காலை கிளினிக்கைத் திறந்ததுமே நகுரு ஆஸ்பத்திரியிலிருந்து போன். வீக்கம் தொண்டையை அடைத்து, திங்களன்றே உன் மூச்சு நின்றுவிட்டது என்றார்கள். உன் கடைசிக் கடிதம், அடக்கம் முடிந்து நான் திரும்பிய பிறகு வந்தது.

நேற்று அண்ணி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்தாள். கண்ணாடி வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். "தண்ணிக் கறைதானே?" என்று கேட்டாள். இருவர் பல்லிலும் இருந்த காரை முழுவதையும் சுரண்டி எடுத்தேன்.

கிளம்பும்போது, "அவர் உனக்கு எழுதின கடிதத்தயெல்லாம் குடேன், புள்ளைங்களுக்கு வெச்சிருக்கேன்" என்றாள். கிறிஸ்மஸ் அன்று நான் சொன்னது உன் கையெழுத்தில் அதில் இருக்கிறது.

"எங்கயோ தொலைஞ்சுபோச்சு அண்ணி" என்றேன்.

"போகட்டும் விடு. நீ எவ்வளவோ கூப்பிட்ட, அவர்தான் கேக்கல" என்று என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

கதோனி