தும்பால் போகாத கறுப்பு

காலையில் மனைவி கிணற்றடியில் சட்டி தேய்க்கவென்று புதுத் தேங்காய்த் தும்பு ஒரு பிடி கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர் பட்டதும் அந்த மணம் எழும்பிவிட்டது. பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். "என்ன, பேயைக் கண்டமாதிரி நிக்கிறியள்?" என்றாள். பேயை இல்லை. உன்னைத்தான், மச்சான். இன்றைக்கென்று பார்த்து வந்து நிற்கிறாய்.

நாலு மணிக்கு மகள் துளசியின் இரத்தப் பரிசோதனை முடிவு. இப்போது பத்தரை. கடையில் என்னால் இருக்க முடியவில்லை. பிரேக் சூ கேட்டு வந்தவருக்குச் செயின் எடுத்துக் கொடுத்தேன். மனுசன் நல்லவர், சிரித்துக்கொண்டு திருப்பித் தந்தார். கதிரையில் இருக்கிறேன், எழும்புகிறேன், வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். கடைசியில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். சாதாரண தரச் சோதனையில் இரண்டு முறை தமிழில் மட்டும் பாஸ் பண்ணினவன் வேறென்ன செய்வது?

வெள்ளிக்கிழமைகளில் வகுப்பில் நகம், பல்லு, கழுத்துப் பார்ப்பார்களே, நினைவிருக்கிறதா? எட்டாம் வகுப்பில் வாத்தியார் உன் கொலரைப் பிரம்பால் நீக்கிப் பார்த்தார். கழுத்தைச் சுற்றிக் கறுப்பு, வெல்வெட்டுத் துணியை ஒட்டினதுபோல. "கூட்டிக்கொண்டு போய்த் தேய்ச்சுக்கொண்டு வா" என்று பக்கத்தில் இருந்த என்னிடம் சொன்னார். எனக்கு ஒரு பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி. குழாயடியில் உன்னைக் குனிய வைத்து, தும்பை நனைத்து, அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிறதுபோலத் தேய்த்தேன். தோல் சிவந்ததே தவிரக் கறுப்புப் போகவில்லை. நீ குனிந்தபடியே சொன்னாய்: "டேய், இவ்வளவு தேய்ச்சும் போகேல்லையெண்டால் அது அழுக்கில்லையடா."

"அப்ப என்ன, தாரோ?" என்று கேட்டேன். சுற்றி நின்றவன்களெல்லாம் சிரித்தான்கள். நீ உடம்பும் பருமன்தானே. அன்றிலிருந்து உனக்குத் தார்ப்பீப்பா என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் நான். நீ அதைக் கோபிக்காமல் உடுத்துக்கொண்டாய். என் கலியாணத்தில் பெண் வீட்டாரிடம், "மாப்பிள்ளையின்ரை தோழன், தார்ப்பீப்பா" என்று நீயே சொல்லிக் கைகூப்பினாய். மாமியார் அதுதான் உன் சொந்தப் பெயர் என்று கனகாலம் நம்பிக்கொண்டிருந்தா.

போன மாதம் அந்தக் கலியாண அல்பத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு படத்தில் நீ குனிந்து என் வேட்டியைச் சரிசெய்கிறாய். கழுத்து நன்றாகத் தெரிகிறது. கறுப்பு எவ்வளவோ குறைந்திருக்கிறது. அப்போது சண்டையால் பெற்றோல் இல்லாத காலம். கொடிகாமத்திலிருந்து கொக்குவில்வரை சைக்கிள் கரியரில் கத்தரிக்காய் மூட்டையோடு மிதித்து வருவாய். பிறகு லொறி வாங்கினாய். நான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன், மோட்டார் சைக்கிள் பாட்ஸ் கடையும் போட்டேன். இரண்டுபேரும் முன்னேறினோம் என்றுதான் நினைத்தோம். உன் கழுத்து மறுபடி கறுத்ததை ஆர் பார்த்தது? நாற்பத்தாறு வயதில், சந்தையில், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நீ சரிந்து கண்ணை மூடின பிறகுதான் உனக்குச் சீனி வியாதி இருந்தது என்ற கதையே வெளியில் வந்தது. அதுவும் பல வருசமாக இருந்திருக்க வேண்டுமாம்.

இதெல்லாம் தெரிந்த பிறகாவது எனக்குப் புத்தி வந்ததா? கேள்.

துளசிக்குப் பதினைந்து வயது. நாலு ரியூசன். நாலும் நடக்கிற தூரம். நாலுக்கும் நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கினேன். கடைக்காரன் மகள் வெயிலில் நடந்தால் ஊர் என்ன சொல்லும்? ஒரு வகுப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இரண்டு ரோல்ஸ், ஒரு சோடா. படிக்கிற பிள்ளை களைத்துப் போகும் அல்லவா. பிள்ளை பருத்தாள். கழுத்துக் கறுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "குமர்ப்பிள்ளை, கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்கத் தெரியாதோ?" என்று ஏசி, தேசிக்காயை வெட்டி உப்புத் தொட்டு நானே தேய்த்தேன். அவள் குனிந்து நின்றாள். உன்னைப்போலவே.

பள்ளிக்கூடத்துக்குச் சுகம் பார்க்க வந்தவர்கள்தான் கண்டு கடிதம் கொடுத்துவிட்டார்கள். கிளினிக்கில் ஒரு சின்னப் பிள்ளை டொக்டர், என் கடையில் பெல் வாங்க வருகிற பிள்ளைகளின் வயதுபோல இருந்தா. துளசியின் கழுத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. "இது அழுக்கில்லை, ஐயா. உள்ளுக்கை இன்சுலின் சரியா வேலை செய்யேலாமல் கஷ்டப்படுகுது. அதின்ரை அடையாளம். இன்னும் சீனி வியாதி இல்லை. ஆனால் வாசல் படலைக்கு வந்திட்டுது." அப்போதுதான் தும்பு மணம் முதல் தடவை வந்தது. ஆஸ்பத்திரியில் ஏது தும்பு?

மருந்தை விட உடம்பு அசைவுதான் முதல் என்றா. ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம். எனக்கு அது போதாதா? அடுத்த நாள் விடிய அவளை எழுப்பி ஓட விட்டேன். நான் பின்னால் மோட்டார் சைக்கிளில், ஹோர்ன் அடித்துக்கொண்டு. படலைகளில் சனம். றெயில் கடவையடியில் அவள் மூச்சு முட்டி நிலத்தில் குந்திவிட்டாள்.

"மாட்டைத் துரத்திச் சாய்க்கிற மாதிரிச் சாய்ச்சுக்கொண்டு வாறியள் அப்பா. நீங்கள் இறங்கி வாங்கோ. இல்லாட்டி நான் வரமாட்டன்."

மறுபடி டொக்டரிடம் போய் ஏச்சு வாங்கினேன். "ஆர் ஓடச் சொன்னது? மூச்சுக் கொஞ்சம் வாங்கவேணும். ஆனால் கதைக்க ஏலவேணும். பாட்டுப் பாட ஏலுமெண்டால் அசைவு போதாது. கதைக்க ஏலாட்டிக் கூடிப்போச்சு. அவ்வளவுதான் கணக்கு." என் படிப்புக்கு ஏற்ற கணக்கு.

கொட்டிலில் கிடந்த பழைய சைக்கிளுக்கு ரியூப் மாற்றினேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பின்னேரம் தண்டவாளத்தை ஒட்டின பாதையில் பக்கத்தில் பக்கத்தில் மிதித்தோம். பாலத்தடிக்குப் போகும்போது அவள், "கதையுங்கோ அப்பா, பாப்பம்" என்றாள். எனக்கு வாய் திறக்கக் காற்று மட்டும் வந்தது. சோதனையில் நான் மூன்றாம் முறையும் பெயில். அவள் சிரித்த சிரிப்பு.

கதைத்தால்தான் கணக்குச் சரி என்பதால் கதைக்க வேண்டி வந்தது. மோட்டார் சைக்கிளில் ஒரு வருசம் ஏற்றி இறக்கியும் நாங்கள் கதைக்கவில்லை, எஞ்சின்தான் கதைத்தது. ஒருநாள் அவள் நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தேசிக்காய் போட்டண்டைக்கு நல்லா எரிஞ்சது. நீங்கள் கவலைப்படுவியள் எண்டு சொல்லேல்லை." என் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது. அன்றைக்குத்தான் உன்னைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். குழாயடி, தும்பு, தார்ப்பீப்பா, எல்லாம். பாலத்தடிவரை மிதித்தாள். பிறகு, "அந்த மாமா சொன்னது சரிதானே. நீங்கள்தான் கேக்கேல்லை" என்றாள்.

மூன்று மாதம். தராசு ஒன்றரைக் கிலோதான் இறங்கியிருக்கிறது. கழுத்து அப்படியே. "தராசைப் பாக்காதேங்கோ, எடை இறங்கமுன்னமே உள்ளுக்கை திருந்தத் தொடங்கும்" என்கிறா டொக்டர். உள்ளே நடக்கிறதை நான் எப்படிப் பார்ப்பது, மச்சான்? உன் உள்ளே நடந்ததையும்தான் நான் பார்க்கவில்லை. மூன்றேமுக்கால் ஆகிறது. கடையைப் பூட்டுகிறேன்.

*

ஐந்தரை. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

டொக்டர் தாளை மேலிருந்து கீழே வாசித்தா. அதற்குள் நான் மேசையில் இருந்த பேனையை மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன். பிறகு, "படலையடியிலை நிண்டது திரும்பி நடக்கத் தொடங்கியிருக்கு. நிப்பாட்டிப்போடாதேங்கோ" என்றா. கழுத்து மெல்ல மெல்லத்தான் மாறுமாம். நான் எழும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன்.

"டொக்டர், இவரையும் ஒருக்காப் பாருங்கோ" என்றாள் துளசி.

"என்னை என்னத்துக்கு?" என்றேன்.

அவள் எட்டி என் கொலரை நீக்கினாள். டொக்டர் கதிரையை விட்டு எழும்பி வந்து பார்த்தா. "நாளைக்கு விடிய வெறும் வயித்தோடை வாங்கோ, ஐயா" என்றா.

வாசலுக்கு வந்ததும், "உனக்கு எப்பவிருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"எப்பவோ தெரியும். ஒரு வருசமா உங்களுக்குப் பின்னாலை இருந்துதானே வந்தனான். நானும் அழுக்கெண்டுதான் நினைச்சன். கிளினிக்குக்குப் போன பிறகு சொல்லப் பயமாக் கிடந்தது."

உன் கழுத்தைப் பார்த்தேன், அவள் கழுத்தைப் பார்த்தேன், என் கழுத்தை மட்டும் நான் காணவேயில்லை, மச்சான். குழாயடியில் நீ குனிந்தபடி சொன்ன அந்த ஒரு வசனத்தைத்தான் இனி நாளைக்கும் அதற்குப் பிறகும் வைத்திருக்கப் போகிறேன். அன்றைக்கு அதைக் கேட்காததற்கு மன்னிப்பென்று நான் வைக்க ஏலுமானது தினமும் ஒரு மணித்தியாலம்தான்.

வெளியே துளசி சைக்கிள் பெல் அடிக்கிறாள். நான் எழுதி முடிக்கவில்லை என்கிறேன், கேட்கிறாளில்லை.

"கெதியா வாங்கோ. இண்டைக்கு நீங்கள் முன்னாலை போங்கோ அப்பா. நான் பின்னாலை பாத்துக்கொண்டு வாறன்."