தேன்மொழி வரும் நிகழ்ச்சி

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம், பால்காரர் சொன்னார். ஐப்பசி வந்தால் கடலூருக்கு வேறு செய்தி ஏது.

வாங்க: புளி, கொசுவர்த்தி, இவருக்குக் கண் சொட்டு மருந்து (புது பாட்டில், ஃப்ரிட்ஜில் வைக்கணும்).

மத்தியானம் தேன்மொழி போன். எடுத்ததுமே, "அம்மா, நான் டிவில வரப்போறேன்."

அவள் நர்ஸாக இருக்கிற தீவில் கேலிக் என்று ஒரு பாஷை. ஸ்காட்லாந்திலேயே அதைப் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தானாம். ஆனாலும் அதற்கென்று ஒரு சேனல். வெளியூரிலிருந்து வந்து அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டவர்களைப் பற்றி ஒரு தொடர் போடுகிறார்கள். வாரம் ஒருத்தர். வருகிற 13, வியாழன், முதியோர் இல்லத்து நர்ஸ். நம் தேன்மொழி.

"இங்க வருமா?"

"இந்தியாவுல அது தொறக்காதும்மா. நான் புடிச்சு அனுப்பறேன். பென்டிரைவ்ல ஏத்தி நம்ம டிவில போடு. அப்பா..."

போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 5, புதன்

சாப்பாட்டு நேரத்தில் இவரிடம் போட்டு உடைத்துவிட்டேன். மூன்று வருஷமாக மகள் பேர் வாயில் வராத மனுஷன். அவள் அங்கேயே கேலம் என்ற மீன்பிடிக்கிற வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு, முடிந்த பிறகு போட்டோ அனுப்பினாள். அன்றே சிதம்பரத்துக்கு பஸ் ஏறிப்போய், தன் அண்ணன் எதிரில் நின்று, "இனிமே அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அண்ணன்தான் இவரைப் படிக்க வைத்தவர், செம்மங்குப்பத்துக் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்த்துவிட்டவர். அண்ணன் எதிரில் சொன்னதை மாற்ற மாட்டார். வீடியோ கால் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவார், மழை பெய்தாலும்.

இன்று சத்தம் போடுவார் என்றுதான் பயந்தேன். போடவில்லை. மோரை ஊற்றிக்கொண்டே, "எந்தச் சேனல்?" என்றார்.

சொன்னேன்.

"டிவில ஆயிரம் பேர் வரான், போறான். எல்லா மூஞ்சியையும்தான் பாக்கறேன். அதுல ஒருத்தி வந்தா நான் இன்னா பண்ண முடியும்?"

மூன்று வருஷமாக எனக்குத் தோன்றாத வழி. பாதி மோர் தட்டுக்கு வெளியே ஓடியது. துடைத்தேன். சந்தோஷத்தில் தட்டைக்கூடக் கவனிக்கவில்லை, பாவம்.

இதையும் எழுதிவைக்கிறேன். இவருக்குக் கண்ணில் அழுத்தம், இரண்டு கண்ணிலும். போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் முகம் தெரியாது. பெரிய டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெரியும் என்கிறார். எத்தனை நாளைக்கோ. மகளை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிடட்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டது. ஈரம் விடவில்லை. அரிசியில் வண்டு.

தே. அந்தச் சேனலின் அடுத்த வார நிகழ்ச்சிப் பட்டியலை அனுப்பினாள். போன் அதைத் தமிழாக்கிக் கொடுத்தது, அரைகுறையாக. இவர் ஒன்றும் கவனிக்காத மாதிரி பேப்பரைப் பிடித்துக்கொண்டு, "படி" என்றார்.

திங்கள்: ஆடு ஓட்டும் நாய்களுக்குப் போட்டி. செவ்வாய்: வயலின், ஒரு மணி நேரம். புதன்: பழைய படகு ஒன்றை மறுபடி மிதக்கவிடுகிறார்கள். வியாழன்: தே. வெள்ளி: கால்பந்து. ஞாயிறு: சர்ச்சில் பாட்டு. தினமும் வானிலை. மழை.

"நாயிக்கு வேலையக் குடுத்துட்டு மனுசன் நின்னு வேடிக்கை பாக்கறானா?" என்றார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். சாயங்காலம் மறுபடி, "வியாழக்கிழமைக்கு இன்னா போட்டிருக்கான், படி." படித்தேன். பேப்பர் தலைகீழாக இருந்ததைச் சொன்னேன். விளம்பரம் பார்க்கிறாராம்.

நவம்பர் 9, ஞாயிறு, சிதம்பரம்

விடியலில் போன். இவர் அண்ணன் தவறிவிட்டார். தூக்கத்திலேயே.

பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். பரங்கிப்பேட்டை தாண்டும்போது, "என்னைத் தோள்ல தூக்கினு திருவிழா காமிச்சாரு" என்றார். அவ்வளவுதான். மழையிலேயே எடுத்தாயிற்று. சாவு வீட்டில் சேறு, செருப்பு, காபி டம்ளர். இவர் வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு சுடுகாடு வரை போய் வந்திருக்கிறார்.

பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை இங்கேதான். அண்ணன் மகன் செந்தில் டிவி மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடினான். "கருமாதி வரைக்கும் டிவி போடக்கூடாது சித்தி." தெரியாதா எனக்கு. ஆனாலும் அந்தப் புடவையைப் பார்த்ததும் எனக்கு 13ஆம் தேதிதான் ஞாபகம் வந்தது. செத்தவரை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் இப்படியும் ஒரு நினைப்பு.

நவம்பர் 13, வியாழன்

அங்கே இன்று. இங்கே பூட்டின வீடு மாதிரி இருக்கிறது. அழுது ஓய்ந்த வீடு.

இவரிடம், "மருந்து போட்டீங்களா?" "போட்டாச்சு, போட்டாச்சு." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

நவம்பர் 14, வெள்ளி

தே. அனுப்பிவிட்டாள். கூடவே, "பெரியப்பா போனதுக்கு வர முடியல, மன்னிச்சுக்கோம்மா. அப்பாகிட்ட காமி." கடைத்தெருவில் மொபைல் கடையில் பென்டிரைவில் ஏற்றி வாங்கினேன். முந்தானையில் முடிந்துகொண்டேன், திருடி மாதிரி.

அக்காவிடம் (அண்ணன் மனைவி) மட்டும் சொன்னேன். அவர் தாலி இழந்து உட்கார்ந்திருக்கிற நேரம், சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவரே இவரைக் கூப்பிட்டு, "தம்பி, கதவச் சாத்திட்டுப் போட்டுப் பாருங்க. உங்க அண்ணன் இருந்தாலும் பாருன்னுதான் சொல்லியிருப்பாரு. கடைசி காலத்துல அந்தப் பொண்ணப் பத்தி விசாரிச்சாரு" என்றார்.

"வேணாம் அண்ணி. அவரு போயி ஒரு வாரம் ஆகல. நான் டிவி முன்னாடி குந்திக்கினு இருக்கவா? பதினாறு முடியட்டும். எங்க ஓடிடப் போவுது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணனே விசாரித்தாராம். அப்புறமும் இந்த வீம்பு யாருக்காக?

நவம்பர் 16, ஞாயிறு

நான் பார்த்துவிட்டேன். அவரோடு சேர்ந்துதான் பார்ப்பது என்று இருந்தேன், முடியவில்லை. கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, போனில், மத்தியானம் எல்லாரும் படுத்திருக்கும்போது.

நீலச் சட்டை. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு கிழவிக்குத் தலை வாரிக்கொண்டே பேசுகிறாள். தொண்டைக்குள்ளிருந்து வரும் பாஷை, காறுகிற மாதிரி, பாடுகிற மாதிரி. குரல்கூட வேறாக இருக்கிறது. கண்ணை மூடிக் கேட்டால் யாரோ ஒரு வெள்ளைக்காரி. என் வயிற்றில் பிறந்தது என்ன பேசுகிறது என்று கீழே ஓடுகிற இங்கிலீஷைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். "எங்க அப்பாவுக்கு மழை பிடிக்கும். இங்கே மழை பெய்யும்போது அவர் மாடியில் நிற்கிற மாதிரி நினைத்துக்கொள்வேன்."

மழை பார்க்கப் போயிருக்கிறார் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லிவைத்தேன்; மாடிக்கு ஏன் போனார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவே வேண்டாம்.

கடைசியில் முகம் மட்டும், திரை முழுக்க. சிரிக்கிறாள். என் அழுகை வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

கண் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் நேற்றே போய்விட்டது. கேட்டால், "தீட்டு வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரிக்கா? பதினாறு முடியட்டும்."

எல்லாவற்றுக்கும் பதினாறு முடியட்டும்.

இன்று செந்திலை "யாரு, மச்சானா?" என்று கேட்டார். முற்றத்தில் வெளிச்சம் போதவில்லையாம். வெளிச்சம் போதவில்லை என்று இந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை சொல்லிவிட்டார். மழைக்காலம்தான், ஆனாலும்.

நவம்பர் 24, திங்கள்

கருமாதி முடிந்தது. நல்ல கூட்டம். கிள்ளையிலிருந்து சம்பந்தி வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி, யாரும் சொல்லவில்லை. இவர் படையலுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்திருக்கும்போது தூணில் இடித்துக்கொண்டார். நெற்றியில் புடைப்பு.

செந்தில் டிவி மேலிருந்த புடவையை எடுத்தான். யாரோ சீரியல் போட்டார்கள். உடனே. இத்தனை நாள் துக்கம் ஒரு பட்டனில் முடிந்தது.

"நாளைக்கு நம்ம வீட்டுல போயி பாக்கலாம்" என்றார் என் காதருகில்.

நவம்பர் 25, செவ்வாய், கடலூர்

வெயில். அபூர்வமாக. வீடு முழுக்கப் பூஞ்சை வாடை.

பால் வைக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவில் சொட்டு மருந்து. புது பாட்டில், மூடியைத் திருகக்கூட இல்லை. அன்று விடியலில் கிளம்பின அவசரத்தில் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறோம். அப்படியானால் சட்டைப் பையில் அவர் தட்டிக் காட்டியது என்ன? பழைய பாட்டில். உலர்ந்து கிடக்கிறது. சாவு வீட்டில் "என் கண்ணுக்கு மருந்து வாங்கு" என்று யாரையும் அலையவிடக் கூடாது, அதுதான் இவர் எண்ணம். எனக்கும் தோன்றவில்லையே, நானே சொட்டு விட்டிருக்கலாமே. மொபைல் கடைக்குப் போனவள் மருந்துக் கடைக்குப் போகவில்லை.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் அவளைப் பார்க்கட்டும், பிறகு டாக்டர்.

குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியை டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். முழங்கால் திரையில் முட்டுகிற தூரம். பென்டிரைவைச் செருகினேன். கடல் வந்தது, ஆடுகள் வந்தன, கல் வீடு வந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலச் சட்டையில் தேன்மொழி வந்தாள். பேசினாள். கிழவிக்குத் தலை வாரினாள். கடைசியில் அந்த முகம், திரை முழுக்க, இவர் மூச்சுப் படுகிற தூரத்தில்.

இவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, காற்றில் துழாவி, என் புடவையைப் பிடித்தார்.

"வசந்தா, இந்தம்மா பேசறது ஒண்ணும் புரியல. சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணு. நம்ம பொண்ணு வரப்போ ஏத்திக்கலாம்."

கம்மி பண்ணினேன்.