தாய்மாமன் கை வைத்த பூட்டு

அன்று முன்னறையில் இருந்தவர்கள் என் தம்பி பழனிசாமி, உன் சித்தப்பா ராமசாமி, சேலத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர்க்காரர், நான். உள்ளறையில் உன் மனைவி சுதா. யார் எந்த மூலையில் இருந்தார்கள் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை, சாமி.

மழை ஈரம் ஏறிவிடுமே என்று உன் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் துடைத்தேன். உறையில் உன் கேமராப் பையின் வாசனை இன்னும் இருக்கிறது. அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வெண்ணந்தூரைச் சுற்றி எத்தனை கல்யாணம் எடுத்தாய்! கேமராவுக்குப் பின்னால் நின்றவன், ஒன்றிலும் நீ இல்லை. உன் சத்தம் விழுந்த இடத்தில் பாட்டைப் போட்டு மூடிவிடுவாய். நீ பேசியது, சிரித்தது, நம் வீட்டில் எடுத்தது எல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான். எதற்குப் பூட்டுகிறாய் என்று கேட்டேன். "அடுத்தவங்க ஊட்டுப் பொண்ணுங்க படமெல்லாம் கெடக்குதும்மா. கண்டவன் கைக்குப் போவக் கூடாது" என்றாய். சாவி எங்கே என்றால், "என் மண்டைக்குள்ள" என்று சிரித்தாய். அந்த மண்டையைத்தான் ராசிபுரம் ரோட்டில் லாரி அடித்துப் போட்டது.

உன் கருமாதி அன்று கம்ப்யூட்டர்க்காரர் தெளிவாகத்தான் சொன்னார். "பாஸ்வேர்டு பத்துத் தடவைதான் போடலாமுங்க. அத்தனையும் தப்பாப் போட்டா உள்ள இருக்கறது தானா அழிஞ்சிரும். அவருகூடப் பொழங்குனவங்க யோசிச்சுச் சொல்லுங்க."

சுதாவைக் கூப்பிடச் சொன்னேன். தாலி கழற்றிய பெண் அன்று நாலு பேர் முன்னால் வரக்கூடாதாம். பழனிசாமி துண்டை உதறிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"எதுலயும் மொதல்ல தாய்மாமன்தான் கை வெக்கோணும். என் மடியில உக்கார வெச்சுத்தான் அவனுக்குக் காது குத்துனாங்க. என் பேரு வெக்காம எவன் பேரு வெப்பான்?"

தன் பெயரைத் தட்டினான். திறக்கவில்லை. இனிஷியலோடு தட்டினான். இனிஷியலைப் பின்னால் போட்டான்.

"ஏனுங்க மச்சான், பத்திரிகையில பேரு உட்டுப்போச்சுன்னு சண்டைக்குப் போறாப்ல இதுலயும் தேடறீங்களே" என்றார் உன் சித்தப்பா. அந்த ரோஷத்தில் அவன் எழுத்தை மாற்றி மாற்றித் தன் பெயரையே தட்டினான். கம்ப்யூட்டர்க்காரர் கையைப் பிடித்தார். நான் கத்தினேன். "அக்கா, நீ சும்மா இரு" என்றான்.

சுதா முறையெல்லாம் விட்டு ஓடி வந்தாள். "எல்லாத்துக்கும் செவலி பேருதானுங்க அத்தை போடுவாரு!"

செவலி. சின்ன வயதில் நீ பக்கத்தில் படுக்க வைத்துத் தூங்கிய மேச்சேரி ஆட்டுக்குட்டி. பால்புட்டியோடு அதன் பின்னால் நீ ஓடியது எனக்குத் தெரியாதா?

"பத்தும் முடிஞ்சுதுங்க. அழிஞ்சு போச்சுங்க" என்றார் கம்ப்யூட்டர்க்காரர்.

அப்புறம் எங்கெங்கோ கொண்டுபோய்க் காட்டினோம். எல்லோரும் கையை விரித்தார்கள். பெட்டியைக் காதோடு வைத்துப் பார்க்கிறேன். உன் சத்தம் என் நினைவிலேயே தேய்ந்துகொண்டு வருகிறது. செவலி என்ற பெயர் மட்டும் வாயில் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் எதைத் திறக்க?

உன் படத்துக்கு மாலை போட அவன் வந்தான். வாசலோடு அனுப்பிவிட்டேன். கூடப் பிறந்தவன் என்று ஊரே பரிந்து பேசுகிறது. உன்னை அடித்த லாரிக்காரனைக்கூட ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். என் கட்டை வேகும்வரை என்னால் மன்னிக்க முடியாதவன் ஒருவன்தான்: பழனிசாமி.