பிரேக் திருகாணியில் நல்லெண்ணெய்

ஹாஜரா,

பிரேக்கைச் சரிபண்ணாமல் உன் தம்பி ஜலீலுக்குக் கார் தரமாட்டேன் என்றதற்கு ராத்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டாய். காலையில் பின்சக்கரத்தின் உள்பக்கம் குனிந்து பார்த்தேன். பிரேக் மூடியில் இறுகிக் கிடந்த திருகாணியை யாரோ திருப்புளியால் நோண்டித் தலையை மழுங்கடித்திருக்கிறார்கள். "நான் தொடவே இல்ல மச்சான்" என்று ஜலீல் சத்தியம் பண்ணுவான். ஆனால் அதில் ஊற்றியிருப்பது நம் அடுப்படி நல்லெண்ணெய். அதை எடுத்துக் கொடுத்தது யாரோ?

திருகாணி அசையவில்லை, எண்ணெய்தான் உள்ளே இறங்கியிருக்கிறது. இனி பிரேக் பிடிக்காது. பெண் பார்க்க உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு திருமங்கலம் போகிறவன் எதில் மோதி நிற்பான்? அம்மாவுக்குக் குதிரை வண்டி சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் கார் ரிப்பேர் மேஸ்திரி சிவனாண்டி வருவார். திருகாணித் தலையில் துளை போட்டுத்தான் எடுக்கணுமாம். சோறு போடு. "மூடியே புதுசு வாங்கணும்" என்றால் தலையாட்டிவிடாதே.

கடைக்குப் போறேன்.

மறந்துவிட்டேன்: காரைக் கிளப்பும் கைப்பிடி என்னிடம் இருக்கிறது. ஜலீல் வேறு கைப்பிடி இரவல் வாங்கி வருவான். அதனால் இன்னொரு சாமானையும் கழற்றி ஒளித்துவைத்திருக்கிறேன். எது, எங்கே என்று எழுதமாட்டேன். அவன் ஒரு தடவை "அக்கா" என்றால் போதும், நீ சொல்லிவிடுவாய்.