முப்பத்திரண்டு நாள் யாருடையது

மாதா துணை

கப்லான், லூசியானா
மார்ச் 18, 2011

போர்ட் ஆர்தரில் இருக்கும் அன்புத் தங்கை வெர்லிக்கு,

கப்லானிலிருந்து ஓஸ்மே பாபினோ சொல்வது. நான் சொல்லச் சொல்ல, கோயில் ஆபீஸில் வேலை பார்க்கும் நோலியா எழுதுகிறாள். போன கடிதத்தை நீ பிரிக்காமலே திருப்பிவிட்டாய். உறை மேல் ஏதோ எழுதியிருந்தாய். என்ன எழுதியிருக்கிறது என்று நோலியாவைக் கேட்டேன். "திருப்பி அனுப்பவும்னு போட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றாள். ஆனால் அவள் வாசிக்க எடுத்துக்கொண்ட நேரத்துக்கு அது ரொம்பச் சின்ன வாக்கியம். அதனால்தான் இந்த முறை உறையில் என் பெயர் இல்லை, நோலியா பெயர் இருக்கிறது. ஏமாற்றியதற்கு மன்னித்துக்கொள். உன்னை நான் ஏமாற்றியது இது ஒன்றுதான்.

உன் முட்டி எப்படி இருக்கிறது? இங்கே நல்ல மழை. வயல் தண்ணீரில் எல்லோரும் இறால் பிடிக்கக் கூடு போட்டுவிட்டார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் மீன் வறுக்கிறார்கள். உன் புருஷன் ஓவி உயிரோடு இருந்தால் வரிசையில் இரண்டு முறை நிற்பான்.

நீ போனில் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "சாகப் போற காலத்துல உனக்கு இது வேணுமா ஓஸ்மே? அவரு முதுகுல ஏறி வந்தவன் நீ" என்று சொல்லி வைத்துவிட்டாய். சொன்னது சரி. முதுகில் ஏறித்தான் வந்தேன். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. ஆனால் ஐம்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணா என்று கூப்பிடாமல் வெறும் பெயரைச் சொன்னாயே, அன்றைக்கெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெர்லி, நடந்தது எனக்கே புரியவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு வரி. என் கால் கொரியாவில் பனியில் உறைந்தது என்று என் பதிவேட்டில் எழுதுங்கள் என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. இடது கால் இரண்டு வருஷமாகக் கறுத்துக்கொண்டே வருகிறது. முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிக்குப் போனால், "உங்க ஏட்டுல கால் உறைஞ்சதா ஒண்ணும் இல்லையே" என்கிறார்கள். விரல் இரண்டு இல்லாததை அவிழ்த்துக் காட்டினேன். "பாக்கிறோம், ஆனா ஏட்டுல இல்ல" என்கிறார்கள். அதனால் இங்கே படைவீரர்களுக்கு மனு எழுதித் தருகிற டிராஸ்கிளேரிடம் போனேன்.

அவர் என் பட்டாள விடுவிப்புத் தாளை வாங்கி வாசித்தார். அறுபது வருஷமாக அதை மடித்து மரப்பெட்டியில் வைத்திருந்தேன், யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னதில்லை. அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "மாமா, நீங்க முப்பத்திரண்டு நாள் படையை விட்டு ஓடிப்போயிருக்கீங்களே" என்றார். நான் எங்கே ஓடுவேன் தம்பி, அப்போது எனக்கு நடக்கவே கால் இல்லையே என்றேன். அந்தக் காலுக்கு ஏதாவது பதக்கம் உண்டா என்றும் சும்மா கேட்டு வைத்தேன். "எதிரி சுட்டாத்தான் பதக்கம் மாமா, குளிர் எதிரி கணக்குல வராது" என்றார். அங்கே எங்களை அதிகம் அடித்தது குளிர்தான். போகட்டும்.

நடந்ததை ஓவி உன்னிடம் எவ்வளவு சொன்னான் என்று தெரியாது. அவன் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்கிறேன், ஒரு நாள் பிசகாமல்.

1951 ஜனவரி பதினாறு, செவ்வாய்க்கிழமை. எங்கள் லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. மேலேயிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். சார்ஜென்ட் ப்ரூயிட்டுக்குத் தொடையில் குண்டு. எனக்குக் குண்டு படவில்லை, ஆனால் உடைந்த பனியில் முழங்கால் வரை நனைந்து, கால் மரத்து, மரக்கட்டை மாதிரி கிடந்தேன். ஓவி முதலில் சார்ஜென்ட்டைத் தூக்கிக்கொண்டு போனான். பாலத்தடி வரை முக்கால் மைல். பிறகு எனக்காகத் திரும்பி வந்தான். வந்ததும் சொன்னது இதுதான்: "தெம்பு இருக்கும்போது எருமை, அப்புறம்தான் கன்னுக்குட்டி. கோவிச்சுக்காத." என்னை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தான். வழியில் நான் நடுங்கிய நடுக்கத்தில் அவனால் அடி எடுத்து வைக்க முடியவில்லை. தன் கோட்டைக் கழற்றி எனக்கு மாட்டினான். காயம்பட்டவர்களை ஏற்றும் வண்டி வந்தபோது, "கோட்டைப் பத்திரமா கொண்டா, பையில என் புகையிலை இருக்கு" என்றான். வண்டி புறப்பட்டுவிட்டது.

இங்கேதான் எல்லாம் கெட்டது. அந்தக் கோட்டின் உள்ளே மையில் அவன் பெயரும் எண்ணும் இருந்தது. என் பெயர் வெட்டிய கழுத்துத் தகடு என்னிடம் இல்லை. சங்கிலி குளிரில் தோலைப் பிடித்து இழுக்கிறது என்று கழற்றிப் பூட்ஸுக்குள் போட்டிருந்தேன். பூட்ஸை வெட்டி எறிந்தபோது தகடும் போயிற்று. ஜப்பானில் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தேன். பெயர் என்ன, பெயர் என்ன என்று நர்ஸ் கேட்டாளாம். நான் "ஓவி, ஓவி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனாம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் பெயரைக் கேட்டாள், நான் ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். கட்டில் காலடியில் ஓவி பாபினோ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டுவிட்டார்கள்.

முப்பத்திரண்டு நாள் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். எழுத்துத் தெரிந்தவனாக இருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். எல்லோரும் பாபினோ என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் என்ன என்று கேட்டேன். கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் சிலுவை போட்டேன். எல்லாம் ஓவியின் பெயருக்குக் கீழே என் சிலுவை. வெர்லி, அந்தப் புகையிலையையும் நான்தான் குடித்துத் தீர்த்தேன். அதை அவனிடம் சொல்லிவிட்டேன். அட்டையைப் பற்றிச் சொல்ல எனக்கே தெரிந்திருக்கவில்லை.

அப்போது ஓவி எங்கே இருந்தான் என்று கேட்பாய். அதே வாரம் பிரான்ஸ் நாட்டுக்காரர்களின் படை ஒன்று எங்கள் பக்கத்தில் வந்து இறங்கியது. அவர்களுக்கு இங்கிலீஷ் வராது. நம் அதிகாரிகளுக்குப் பிரெஞ்சு வராது. யாருக்காவது பிரெஞ்சு தெரியுமா என்று கேப்டன் கேட்டார். நம் வீட்டுப் பேச்சான பிரெஞ்சைப் பள்ளிக்கூடத்தில் பேசியதற்கு என்னையும் ஓவியையும் சோளத்தின் மேல் முட்டி போட வைத்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பேச்சுக்கு அங்கே மரியாதை வந்தது. "நீ போய் இவங்களோட இரு" என்று வாயால் சொன்னதுதான், தாள் எதுவும் இல்லை. போனான். முப்பத்திரண்டு நாளும் அவர்களோடு சாப்பிட்டு, அவர்களோடு பனியில் படுத்து, அவர்கள் பேச்சை இவர்களுக்கும் இவர்கள் பேச்சை அவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பேசுகிற பிரெஞ்சைக் கேட்டு அவர்கள் உருண்டு சிரித்தார்களாம். "எங்க கொள்ளுப்பாட்டி பேசின பேச்சு இது" என்றார்களாம். கடைசி வரை அவனுக்குக் கொள்ளுப்பாட்டி என்றே பெயர். திரும்பி வரும்போது ஒரு தொப்பியும் காபிக் கெட்டிலும் கொண்டுவந்தான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் எங்கள் படைக் கம்பெனிக்குத் திரும்பினோம். கணக்கெழுதுகிறவன் தலையில் அடித்துக்கொண்டான். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பேரு, ஒரே மாதிரி பேச்சு, ரெண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. உங்களை வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது" என்றான். இனிமேல் சரியாக எழுதுகிறேன் என்றான், எழுதினான். பழையதைத் திருத்தவில்லை. ஓவி ஆஸ்பத்திரியில், ஓஸ்மே எங்கேயோ ஓடிப்போனவன் என்று அப்படியே கிடந்துவிட்டது.

சார்ஜென்ட் பிழைத்து வந்து, ஓ. பாபினோ எங்கள் இரண்டு பேரையும் சுமந்தான் என்று எழுதிக் கொடுத்தார். ஓவிக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் வந்தது. வர வேண்டியவனுக்குத்தான் வந்தது. ஆனால் அந்தத் தாளின் கடைசியில், பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார் என்று எழுதியிருந்ததாம். நீ படித்தவள், அதைப் பார்த்திருப்பாய். நீங்கள் எப்போது ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்று நீ ஒருநாள் கேட்டதாகவும், பட்டாளத்துத் தாளில் பாதி அப்படித்தான் இருக்கும் என்று தான் சொன்னதாகவும் ஓவி என்னிடம் சொல்லிச் சிரித்தான். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

இப்போது ஏடு திருத்துகிற பெரியவர்கள் என் மனுவைப் படித்து, ஆஸ்பத்திரியில் கிடந்தது ஓஸ்மேதான், கால் உறைந்தது அவனுக்குத்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் என்ன? ஆஸ்பத்திரிக்குப் போனவன்தான் பதக்கக்காரன் என்று தாளில் இருக்கிறது, போனவன் ஓஸ்மே, ஆகவே பதக்கம் ஓஸ்மேக்கு என்று எழுதிவிட்டார்கள். சுமந்து வந்தவனுக்கு இருந்ததை எடுத்து, சுமையாக வந்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓடிப்போனதாக எழுதியிருந்த அந்த முப்பத்திரண்டு நாளையும் என் மேலிருந்து எடுத்து ஓவி மேல் போட்டுவிட்டார்கள்.

டிராஸ்கிளேரிடம் போய்க் கத்தினேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "அந்த முப்பத்திரண்டு நாள் எங்கேயாவது போயாகணும் மாமா. உங்க மேலேருந்து எடுத்தா அவரு மேலதான் விழும்." அப்படியென்றால் எடுத்துக் கீழே போட்டுவிடு என்றேன். "அப்படி ஒரு கட்டம் இந்தப் படிவத்துல இல்ல" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாள் என்றால் யார் மேலாவது உட்கார்ந்தே தீர வேண்டுமா? மறுபடி என் மேலேயே வைத்துக்கொள்கிறேன், எனக்குப் பழகிவிட்டது என்றேன். "நீங்கதான் ஆஸ்பத்திரியில இருந்தீங்களே, அது எப்படி முடியும்" என்கிறார்.

ஓவியின் பதக்கத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லியும், பதக்கம் பொறித்த கல்லறைக் கல்லை மாற்றப் போவதாகவும் உனக்குத் தாள் வந்திருக்கிறது என்று டிராஸ்கிளேர் சொன்னார். அன்றுதான் உனக்குப் போன் செய்தேன். அதற்குள் நீ வாசித்துவிட்டிருந்தாய்.

போன செவ்வாய்க்கிழமை புது மனுவில் சிலுவை போட்டுவிட்டேன். சுமந்தவன் ஓவி, நான் சுமக்கப்பட்டவன், அந்த முப்பத்திரண்டு நாளும் அவன் பிரான்ஸ்காரர்களோடு இருந்தான் என்று சொல்லியிருக்கிறேன். புது மனு போட்டால் பழைய தீர்ப்பு முழுவதையும் திறந்துவிடுவார்களாம், என் காலைப் பற்றிய அந்த ஒரு வரியும் அதோடு நின்றுபோகுமாம். ஈஸ்டர் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் காலுக்கு வைத்தியம் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். அதைப் பற்றி உனக்கு எழுத வேண்டாம் என்று சொல்கிறேன், நோலியா எழுதிக்கொண்டே இருக்கிறாள். நீ அதை நினைக்காதே. கால் அறுபது வருஷம் காத்திருந்தது.

ஆனால் என் வாய்ச்சொல் மட்டும் போதாதாம். எழுத்தில் ஏதாவது வேண்டுமாம். அது உன் வீட்டில் இருக்கிறது, வெர்லி. உங்கள் கல்யாணத்தன்று உன் அம்மா சமையலறையில் ஓவி ஒரு போட்டோவைக் காட்டினான். பனியில் பிரான்ஸ்காரர்களோடு சேர்த்து ஏழு பேர், ஓவி தலையில் அந்தத் தொப்பி, இடது ஓரத்தில் நிற்கிறவன் கையில் கெட்டில். பின்பக்கம் பிரெஞ்சில் எழுதியிருந்ததை, இங்கிலீஷ் படித்த உன்னையும் சேர்த்து நம்மில் யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. கல்யாணம் நடத்திவைத்த பெல்ஜியத்துப் பாதிரியார் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி வாசித்தார். "எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு, பிப்ரவரி பதினொன்று, 1951" என்று இருந்தது. கீழே ஆறு கையெழுத்து. கல்யாணப் பெண் நீ சிரித்த சிரிப்பில் உன் தலை முக்காடு குழம்புச் சட்டியில் விழுந்தது. ஓவி காது வரை சிவந்து, போட்டோவைப் பிடுங்கி உன் அம்மாவின் நீலத் தகரப் பெட்டியில் போட்டான். அந்தப் பெட்டி உன்னோடு போர்ட் ஆர்தருக்கு வந்தது, நான்தான் லாரியில் ஏற்றினேன். தேடிப் பார். கிடைத்தால் அசலை யாருக்கும் அனுப்பாதே. நகல் எடுத்து, இது என் புருஷனுடையது என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

எனக்கு வந்த பதக்கத்தை இந்த உறையில் வைத்திருக்கிறேன். அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அப்போதும் அது உங்கள் பெயரில்தான் இருக்கும், பெற்றுக்கொள்ள மறுத்தவர் என்று குறித்து வைப்பார்கள் என்றார் டிராஸ்கிளேர். அதனால் இப்படிச் செய். ஓவியினுடையது சுவரில் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அவர்களுக்கு ஒன்று வந்தே ஆக வேண்டுமென்றால் இதை அனுப்பு. பின்னால் வேறு பெயர் வெட்டியிருக்கிறது, கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிறாள் நோலியா. நான் தடவிப் பார்த்தேன், எனக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கிறது. கல் மாற்ற ஆள் வந்தால், கப்லானிலிருந்து ஒரு கிழவன் புறப்பட்டு வருகிறான், அவன் வந்த பிறகு தொடுங்கள் என்று சொல்.

மாதா உன் முட்டியையும் உன் வீட்டையும் காப்பாற்றட்டும். ஓவிக்காக வருகிற வெள்ளிக்கிழமை பூசை சொல்லியிருக்கிறேன். பதில் எழுத மனமில்லாவிட்டால் எழுதாதே. போட்டோ மட்டும் வரட்டும், எனக்குப் புரிந்துவிடும். எழுதினால், உறை மேல் எழுதாதே. உள்ளே எழுது. முதல் வார்த்தை என்ன என்று நோலியாவைத்தான் கேட்பேன். அந்த ஒரு வார்த்தை போதும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் ஓஸ்மே பாபினோ

+

(இந்தச் சிலுவை என் பெயருக்குக் கீழேதான் இருக்கிறது என்று நோலியாவை இரண்டு முறை கேட்டுவிட்டுப் போட்டேன்.)