வெட்டிய சரிவில் ஒரு கூடு

ஜனவரி 9

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன். மலையில் மூன்று மாத வேலைக்கு வந்திருக்கிறேன்; குழுவோடு நாள் முழுக்க நாற்றுப் பைகளில் மண் நிரப்பினோம். புறப்படும்போது மகள் சொன்னது சரிதான் போல: "மாடிப்படி ஏறவே உனக்கு மூச்சு வாங்குது. மலை ஏறிக் காடு வளர்க்கப் போறியாக்கும்!"

தம்பியிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. சொன்னால் சண்டைதான்.

ஜனவரி 12

பழைய மரவெட்டு முகாம் இருந்த சரிவுக்கு இன்று நடந்தோம். அப்பா ரம்பம் பிடித்த இடம். நாங்கள் இருந்த தகர வீடு, லாரி திரும்பும் மேடு, ஒன்றும் இல்லை. முள்ளும் புதரும் ஆளுயரம். ஓடை மட்டும் அதே இடத்தில் வளைகிறது. அம்மா துணி துவைத்த பாறையில் போய் உட்கார்ந்தேன். நானும் தம்பியும் அதன்மேல் ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறோம். இன்று எனக்கு ஒருத்திக்கே இடம் போதவில்லை!

எங்களுக்கு வேலை சொல்லும் ஆராய்ச்சிக்காரப் பெண் என் மகளைவிடச் சின்னவள். "பெரிய மரம் ஒண்ணுகூட மிஞ்சலம்மா. பொந்து இல்லாம இருவாச்சிப் பறவை எங்க முட்டை வைக்கும்?" என்றாள். வெட்டியது யார் என்று அவளுக்குத் தெரியாது.

ஜனவரி 20

மிஞ்சியவற்றில் கொஞ்சம் உயரமான மரத்தில் பலகைப் பெட்டி ஒன்றைக் கட்டினோம். நாங்கள் வளர்க்கும் நாற்று பொந்து விடும் அளவுக்குப் பருக்க ஒரு தலைமுறை போதாது. அதுவரை பறவைக்குப் பெட்டிதான் வீடு. பெட்டியைக் கட்ட மரம் ஏறியவர் கயிற்றில் தொங்கியபடி கேட்டார், "அக்கா, வாடகை எவ்வளவு சொல்லலாம்?" "குடி வந்தாப் போதும்னு சொல்லுங்க!"

ஜனவரி 21

காலையிலிருந்து அந்தக் குஞ்சின் நினைவாகவே இருக்கிறது. எழுதித்தான் பார்ப்போமே.

அப்பா சாய்த்த ஒரு மரத்துக்குள் இருவாச்சிக் கூடு இருந்தது. தாய் நசுங்கிவிட்டது. இறகு முளைக்காத குஞ்சு மட்டும் உயிரோடு. அப்பா அதைச் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. தம்பிக்கு ஏழு வயது. அத்திப்பழத்தைப் பிசைந்து பிசைந்து ஊட்டினான். பள்ளிக்குக் கிளம்பும்போது எனக்கு ஆயிரம் உத்தரவு போடுவான். குஞ்சு அவனைக் கண்டால் மட்டும் கத்தும். 'தொண்டையன்' என்று பெயர் வைத்தான். சிறகு முளைத்து, ஒரு நாள் பறந்து போயே போய்விட்டது.

அடுத்த மாதம், சாய்ந்த மரம் திசை மாறி அப்பாமேல் விழுந்தது. நாங்கள் மலையிறங்கினோம். அதற்குப் பிறகு தம்பி வாயில் காடு என்ற சொல்லே வந்ததில்லை.

பிப்ரவரி 2

மகள் உளறிவிட்டாள். தம்பி போன் செய்தான். "அப்பாவைத் தின்ன காடு அது. அதுக்குப் போய் ஊழியம் பண்றியா?" "இல்லடா—" என்பதற்குள் வைத்துவிட்டான்.

என்னத்தைச் சொல்றது? காடா தின்னுச்சு? அப்பாதானே வெட்டினார்? அவர்தான் என்ன செய்வார், நம்ம ரெண்டு பேர் வயித்துக்குத்தானே வெட்டினார். யார்மேலடா கோபப்படறது? அழுதுட்டு எருக்குழிக்குப் போயிட்டேன்.

பிப்ரவரி 11

ஒரு ஜோடி வந்தது. பெண் பறவை பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தது. 'யோசிச்சுச் சொல்றோம்' என்கிற மாதிரி இரண்டும் பறந்துவிட்டன.

பிப்ரவரி 24

குடி வந்துவிட்டார்கள்! பெண் உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டது. ஒரு கீறல்தான் பாக்கி. ஆண் பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்டுகிறது. ஆராய்ச்சிக்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தச் சிறகுச் சத்தம்! மலைமேல் ரயில் மூச்சு விடுவது போல. முகாமில் அது கேட்டால் அப்பா டீ டம்ளரோடு வெளியே வந்து அண்ணாந்து நிற்பார். தம்பி அவர் காலைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

சத்தத்தைப் போனில் பதிந்து தம்பிக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

பிப்ரவரி 25

சத்தத்தைக் கேட்டுவிட்டான் என்று போன் காட்டுகிறது.

பிப்ரவரி 27

"பழம் கொண்டாந்து குடுக்குதா?" என்று மட்டும் கேட்டு எழுதியிருக்கிறான்.

"குடுக்குது. அத்திப்பழம்."

மார்ச் 15

தம்பி வந்தான். வந்ததும் அப்பா விழுந்த இடத்தைக் கேட்டான். காட்டினேன். வெகுநேரம் நின்றான். பிறகு, "இந்தப் புதரை வெட்டணுமா?" என்றான். அரிவாளை வாங்கிக்கொண்டான். வெயில் இறங்கும்வரை நிமிரவில்லை.

கிளம்பும்போது, "மண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றான்.

ஜூன் 6

மழை பிடித்துவிட்டது, நாளை நடவு. மூன்று மாதம் என்று வந்தவள் இன்னும் இங்கேதான். தம்பி பத்து நாள் விடுப்பில் வந்திருக்கிறான்.

குஞ்சு இன்று வெளியே வந்துவிட்டது. எனக்குச் சமையல் முறை. பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. தம்பி பார்த்தான். எழுத விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "முதல் கிளையிலயே தடுமாறிடுச்சுக்கா. நான் கையை நீட்டிட்டேன்."

பெட்டியோ ஐம்பதடி உயரத்தில் இருக்கிறது.